இல்லாத சீட்டுக்கு ஒரு எபிசோட்: பழைய டாரட் கட்டுகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்கணும்.

சில மாதங்களுக்கு முன்னாடி டாரட் சீட்டுகளின் வரலாறு பற்றி ஒரு எபிசோட் பண்ணியிருந்தேன். அதில் விஸ்கோன்டி-ஸ்ஃபோர்ஸா என்கிற இத்தாலியக் கட்டில் வரும் சாத்தான் சீட்டைப் பற்றி மட்டும் கிட்டத்தட்ட பத்து நிமிஷம் பேசினேன். அந்தக் கொம்பு, அந்த முகம், அதைப் பார்த்த 15-ஆம் நூற்றாண்டு மிலான் மக்கள் எதற்கெல்லாம் பயந்திருப்பார்கள் என்று பெரிய விளக்கமே கொடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு ஒரு மெயில் வந்தது. "அக்கா, எபிசோட் நல்லா இருந்துச்சு. ஆனா அந்தக் கட்டில் சாத்தான் சீட்டே இல்லையே?"

எனக்கு ஒண்ணும் புரியல. சீட்டு என் கையில் இருக்கு. பெட்டியோட வந்த சின்ன விளக்கத் தாளை அப்போதுதான் முதல் தடவையா முழுசாப் படிச்சேன். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி: காணாமல் போன சீட்டுகள் இந்தப் பதிப்புக்காகப் புதிதாக வரையப்பட்டவை. அதாவது, நம் காலத்து ஓவியர் ஒருவர் வரைந்த படத்தை வைத்துக்கொண்டு, நான் ஐநூறு வருஷத்துக்கு முந்தைய மிலானின் மனசைப் படிச்சிருக்கேன்.

அந்த மெயில் அனுப்பிய தம்பிக்கு நன்றி. இன்றைய எபிசோட் அந்தத் தப்பிலிருந்து பிறந்தது. பழைய டாரட் கட்டுகளைச் சேர்த்து, ஒப்பிட்டுப் படிக்க விரும்புகிறவர்கள் எதை வாங்கணும், வாங்கும்போது எதைக் கவனிக்கணும் என்பதைத்தான் பார்க்கப் போறோம். ஜோசியம் பார்ப்பது பற்றி இன்னைக்குப் பேசப் போவதில்லை.

சீட்டாட்டம்தான் முதலில்

தெரியாதவர்களுக்காக ரெண்டு வரியில் பின்னணி. டாரட் பிறந்தது வட இத்தாலியில், 15-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில். எழுத்தில் கிடைத்திருக்கும் பழைய குறிப்புகளில் ஒன்று, 1440-இல் ஃப்ளோரன்ஸில் வாங்கப்பட்ட ஒரு கட்டைப் பற்றியது. அப்போது இதன் பெயர் ட்ரியோன்ஃபி, அதாவது வெற்றிகள். ஆங்கிலத்தில் டிரம்ப் கார்டு என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லுக்கு மூலம் இதுதான். ஐரோப்பியர்கள் வழியாக நமக்கு வந்த 'துருப்பு' என்ற சொல்லும் அதே குடும்பம்தான். 

ஒரு முழு டாரட் கட்டில் 78 சீட்டுகள். அதில் 56 சாதாரணச் சீட்டுகள்: வாள், கோப்பை, நாணயம், தடி என்று நான்கு இனங்கள், ஒவ்வொன்றிலும் 14. மீதி 22-இல் முட்டாள் சீட்டு ஒன்று, துருப்புகள் 21. இப்போது எல்லோரும் மர்மமாகப் பார்க்கும் மரணம், சூரியன், தூக்கிலிடப்பட்ட மனிதன் எல்லாம் ஒரு ஆட்டத்தில் எதிராளியின் சீட்டை வெட்டுவதற்கான துருப்புகளாக இருந்தவை. 

1781-இல் பாரிஸில் கூர் தெ ஜெபலான் என்ற அறிஞர், இது பழைய எகிப்தின் ஞானநூல் என்று எழுதினார். எகிப்திய எழுத்துகளைப் படிக்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டது 1822-இல்தான் என்பதை மனசுல வச்சுக்கோங்க. அவருக்குப் பிறகு எத்தெய்லா என்ற புனைபெயரில் எழுதியவர், ஜோசியத்துக்கென்றே ஒரு கட்டை வெளியிட்டார். டாரட்டின் மர்ம முகம் அங்கிருந்துதான் வளர்கிறது. அதுவரை சுமார் 340 வருஷம் இது முதன்மையாக ஒரு சீட்டாட்டம்.

மூன்று வகை நகல்கள்

சரி, கடைக்கு வருவோம். பழைய டாரட் என்று விற்கப்படும் கட்டுகளில் மூன்று வகை இருக்கு. பெட்டியைப் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும்.

முதல் வகை, நேரடி நகல். அருங்காட்சியகத்தில் இருக்கும் சீட்டைப் படம் எடுத்து, கறை, கிழிசல், ஆணி அடித்த ஓட்டை எல்லாவற்றோடும் அப்படியே அச்சிடுவது. பார்க்க அழுக்காக இருக்கும். ஆனால் படிப்புக்கு இதுதான் தங்கம்.

இரண்டாவது வகை, சீரமைத்தது. ஒரு கலைஞர் பழைய சீட்டைப் பார்த்து, கோடுகளைத் திரும்ப வரைந்து, மங்கிய நிறத்தைத் திரும்பப் போடுவார். ஃப்ரான்ஸில் ஜான்-க்ளோத் ஃப்ளோர்நுவா, ழான் நோப்லே மற்றும் ழான் தொதால் கட்டுகளை இப்படிச் சீரமைத்தார். யோவ் பென்-டோவ், நிக்கொலா கொன்வேர் கட்டை இப்படி மறுபடி வரைந்தார். பழைய கட்டு புதுசாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று உணர இவை அருமையானவை. ஆனால் மங்கிப்போன ஒரு கோடு விரலா, துணி மடிப்பா என்று சந்தேகம் வரும் இடத்தில், நாம பார்ப்பது சீரமைத்தவரின் முடிவை.

மூன்றாவது வகை, பழைய பாணியில் புதுசாகச் செய்தது. அதில் தப்பில்லை, அழகாகவும் இருக்கும். அதை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்வதுதான் சிக்கல்.

இதில் இன்னொரு குழப்பம், ஒரே பெட்டிக்குள் ரெண்டு வகையும் கலந்திருக்கலாம். எனக்கு நடந்தது அதுதான். விஸ்கோன்டி-ஸ்ஃபோர்ஸா கட்டை எடுத்துக்கோங்க. சுமார் 1450-களில் மிலானின் ஆட்சிக் குடும்பத்துக்காகத் தங்கத்தகடு பதித்துக் கையால் வரையப்பட்டது. பெரும்பாலானவற்றை வரைந்தவர் போனிஃபாசியோ பெம்போ என்று கருதுகிறார்கள். இன்று 74 சீட்டுகள் மிஞ்சியிருக்கு. நியூயார்க் மோர்கன் நூலகத்தில் 35, இத்தாலியின் பெர்கமோ நகரில் கர்ராரா அகாடமியில் 26, அதே ஊரில் ஒரு குடும்பத்தின் கையில் 13. இல்லாத நான்கு: சாத்தான், கோபுரம், வாள் மூன்று, நாணயக் குதிரைவீரன். 

அதோடு முடியல. இருக்கும் 74-லேயே வலிமை, நிதானம், நட்சத்திரம், நிலா, சூரியன், உலகம் ஆகிய ஆறு துருப்புகளும் பிற்பாடு வேறொரு ஓவியர் வரைந்தவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முகம், நிலம், துணி மடிப்பு எல்லாமே வேறயா இருப்பது தெரியும். ஆக, கடையில் வாங்கும் ஒரு விஸ்கோன்டி பெட்டிக்குள் மூன்று கைகள் இருக்கு: 15-ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் ரெண்டு பேர், நம் காலத்தவர் ஒருவர்.

இன்னொரு விஷயம். இந்தக் கட்டின் துருப்புகளில் எண்ணும் கிடையாது, பெயரும் கிடையாது. ஆடியவர்களுக்கு வரிசை மனப்பாடம். இன்றைய பதிப்பில் எண் போட்டிருந்தால், அது பதிப்பாளர் போட்டது.

தொடங்க நான்கு கட்டு போதும்

சேகரிப்பு என்றவுடன் அலமாரி நிறையக் கட்டு என்று நினைக்க வேண்டாம். படிப்புக்கு நான்கு போதும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்குப் பதில் சொல்லணும், அவ்வளவுதான்.

ஒன்று, விஸ்கோன்டி-ஸ்ஃபோர்ஸா. டாரட் தொடக்கத்தில், பணக்கார வீட்டில் எப்படி இருந்தது என்பதற்கு.

இரண்டு, ஸோலா புஸ்கா. சுமார் 1491-ஐச் சேர்ந்தது, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு வண்ணம் தீட்டியது. 78 சீட்டுகளும் முழுசாகக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கட்டு. இப்போது மிலானின் ப்ரேரா அருங்காட்சியகத்தில் இருக்கு. இதில் துருப்புகள் விசித்திரமானவை. வழக்கமான சக்கரவர்த்தி, போப் எல்லாம் இல்லாமல் பெரும்பாலும் பழைய ரோமாபுரி வீரர்கள். சாதாரண எண் சீட்டுகளிலும் மனிதர்களோடு காட்சி வரைந்திருப்பது இதன் தனிச் சிறப்பு.

மூன்று, ஒரு மார்செய் வகைக் கட்டு. மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டு, சாதாரண மக்கள் ஆடிய வகை. பெயர்தான் மார்செய். பாரிஸிலும் லியோனிலும்கூட இதைச் செய்தார்கள். சுமார் 1650-இல் பாரிஸில் அச்சான நோப்லே கட்டையோ, 1760 என்று ஆண்டு பொறித்த கொன்வேர் கட்டையோ எடுக்கலாம். முடிந்தால் ரெண்டும்.

நான்கு, 1909-இல் லண்டனில் வில்லியம் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டு. யோசனை ஏ. இ. வெயிட், ஓவியம் பமீலா கோல்மன் ஸ்மித். இன்று போனில் வரும் டாரட் படங்களில் முக்கால்வாசி இதன் வாரிசுகள். ரொம்ப நாள் இதை ரைடர்-வெயிட் என்றே சொன்னார்கள். 78 சீட்டையும் வரைந்த பெண்ணின் பெயர் அதில் இல்லை. பெரிய வேலை, கொஞ்சம் காசு என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். சீட்டின் ஓரத்தில் அவருடைய முதலெழுத்துகள் மூன்றும் பின்னிக்கொண்டு இருக்கும், தேடிப் பாருங்க.

ஒரே சீட்டை வரிசையாக வையுங்க

ஒப்பிடுவதற்கு நல்ல வழி, கட்டைக் கட்டோடு ஒப்பிடாமல், ஒரு சீட்டை மட்டும் எடுத்துக் கால வரிசையில் மேஜையில் வைப்பது. நான் செய்த மூன்றைச் சொல்றேன்.

முதலில் துறவி. 1909 கட்டில், பனிமலை உச்சியில் ஒரு கிழவர், கையில் விளக்கு, விளக்குக்குள் நட்சத்திரம். தனிமை, உள்ளொளி, ஞானத்தேடல் என்றெல்லாம் விளக்குவார்கள். மார்செய் கட்டிலும் விளக்குதான், மலை மட்டும் இல்லை. விஸ்கோன்டி சீட்டை எடுங்க. அதே தாடிக் கிழவர், அதே ஊன்றுகோல். ஆனால் கையில் இருப்பது விளக்கு இல்லை, மணற்கடிகாரம்! அவர் ஞானி இல்லை. காலம், அல்லது முதுமை. 

அப்புறம் எப்படி விளக்கானது? மணற்கடிகாரத்தையும் விளக்கையும் சின்ன மரக்கட்டையில் செதுக்கினால் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே உருவம்தான். நகலுக்கு நகல் எடுத்த யாரோ ஒருவர் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கலாம். "விளக்கேந்திய துறவி ஆதிகாலச் சின்னம்" என்று யாராவது சொன்னால், இந்த மூன்று சீட்டையும் மேஜையில் வைத்தால் போதும்.

அடுத்தது வாள் மூன்று. 1909 கட்டில் ஓர் இதயம், அதைக் குத்தி நிற்கும் மூன்று வாள்கள், பின்னால் மழை. காதல் முறிவு மீம்களில் எல்லாம் வருமே, அதேதான். மார்செய் கட்டில் இதயமே கிடையாது, மூன்று வாள்கள் மட்டும் ஒரு வடிவமாக அடுக்கியிருக்கும். விஸ்கோன்டியில் அந்தச் சீட்டே தொலைந்துவிட்டது. ஸோலா புஸ்காவில் பார்த்தால், இதயத்தைக் குத்தும் மூன்று வாள்கள்! நடுவில் 400 வருஷத்துக்கு மேல் இடைவெளி. 

இது தற்செயலா? 1907-இல் ஸோலா புஸ்கா கட்டின் புகைப்படங்கள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்தன. பமீலா அதே ஊரில், ரெண்டு வருஷம் கழித்து வரைகிறார். அவர் அந்தப் படங்களைப் பார்த்திருக்கணும் என்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். இன்னொரு சாட்சியும் இருக்கு. ஸோலா புஸ்காவின் வாள் பத்தில் ஒருவர் குனிந்து வாள்களைக் கட்டாகச் சுமக்கிறார். பமீலாவின் தடி பத்தில் ஒருவர் அதேபோல் குனிந்து தடிகளைச் சுமக்கிறார். இனம் மாறியிருக்கு, முதுகு வளைவு மாறல. இந்த ரெண்டு கட்டும் கையில் இருந்தால், இந்தக் கண்டுபிடிப்பை நீங்களே ஒரு சாயங்காலத்தில் செய்யலாம்.

மூன்றாவது, மரணம். மார்செய் வகையில் 13-ஆம் சீட்டுக்குப் பெயர் எழுத மாட்டார்கள், அதன் பெயரைச் சொல்லவே அஞ்சினார்கள் என்று ஒரு கதை உலவுது. கொன்வேர் கட்டில் பெயர் இல்லை என்பது உண்மை. ஆனால் அதற்கு நூறு வருஷத்துக்கு முந்தைய நோப்லே கட்டில், மரணம் என்ற பெயர் தெளிவாக அச்சாகியிருக்கு. மார்செய் வகையில் ரெண்டு கட்டு எடுக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். ஒன்றே ஒன்று இருந்தால் அதன் பழக்கத்தை எல்லாக் கட்டின் பழக்கமாக எடுத்துக்கொள்வோம்.

எண்களையும் பாருங்க. மார்செய் கட்டில் நீதி எட்டு, வலிமை பதினொன்று. 1909 கட்டில் இது தலைகீழ்: வலிமை எட்டு, நீதி பதினொன்று. வெயிட்டும் பமீலாவும் இருந்த கோல்டன் டான் என்ற ரகசியச் சங்கத்தின் ஏற்பாடு அது. டாரட்டில் எட்டாம் எண்ணின் அர்த்தம் என்று யாராவது ஆரம்பித்தால், எந்தக் கட்டில் எட்டு என்று கேளுங்க.

ஆண்டும் நிறமும் ஏமாற்றும்

கொன்வேர் கட்டில் 1760 என்று போட்டிருக்கு. அப்படியானால் கையில் இருப்பது 1760-இன் சீட்டா? அவசியம் இல்லை. ஆண்டு செதுக்கியிருப்பது மரக்கட்டையில். மரக்கட்டை பல தலைமுறைகள் உழைக்கும். அதே கட்டையை வைத்துப் பல பத்தாண்டுகள் கழித்தும் அச்சடித்தார்கள். கோடு 1760-ஆக இருக்கலாம், காகிதமும் நிறமும் பிந்தியதாக இருக்கலாம்.

நிறம் இன்னும் மோசம். அந்தக் காலத்தில் ஓட்டை வெட்டிய அச்சுத்தாளை மேலே வைத்துத்தான் வண்ணம் தடவினார்கள். அந்தத் தாள் மாறினால் நிறமும் மாறும். இன்று மார்செய் என்றதும் பளீரென்ற நீலமும் சிவப்பும் மனசுல வருதா? அந்தத் தோற்றத்தை உலகம் முழுக்கப் பரப்பியது 1930-இல் க்ரிமோ நிறுவனத்துக்காக போல் மார்த்தோ கொண்டுவந்த பதிப்பு. அதன் நீலத்துக்கு ஆன்மிக அர்த்தம் சொல்பவர்கள் நிறையப் பேர். 17-ஆம் நூற்றாண்டுக் கட்டோடு ஒப்பிடாமல் அதில் இறங்காதீங்க.

1909 கட்டுக்கும் இதே கதை. 1990-இல் வந்த யூனிவர்சல் வெயிட் பதிப்பில் கோடுகள் பமீலாவுடையவை, வண்ணம் மேரி ஹான்சன்-ராபர்ட்ஸ் என்பவருடையது. 2009-இல் வந்த ஸ்மித்-வெயிட் நூற்றாண்டுப் பதிப்பு, பழைய அச்சின் அடங்கிய நிறங்களுக்குத் திரும்பியது. ஒப்பிட்டுப் படிக்க நினைத்தால் இந்த ரெண்டாவதை எடுங்க.

காசு கொடுப்பதற்கு முன்

முதலில், காசு கொடுக்காமலே ஆரம்பிக்கலாம். ஃப்ரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் நோப்லே, கொன்வேர் கட்டுகளின் படங்கள் இலவசமாகக் கிடைக்கும். மோர்கன் நூலகம் தன்னிடம் உள்ள 35 விஸ்கோன்டி சீட்டுகளையும் தளத்தில் போட்டிருக்கு. யேல் பல்கலைக்கழகத்தின் பைனக்கி நூலகத்தில் இன்னொரு விஸ்கோன்டி கட்டு இருக்கு. விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று வேறு கட்டுகளில் வழக்கமாக வராத துருப்புகளும், குதிரையேறிய பெண் வீரர்களும் அதில் உண்டு. அதையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். மேலே சொன்ன துறவி ஒப்பீட்டுக்கு ஒரு லேப்டாப் போதும்.

வாங்குவதென்றால், விற்பவரிடமோ பெட்டியிடமோ நாலு கேள்வி கேளுங்க. மூலம் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கு? எத்தனை சீட்டு மிஞ்சியிருக்கு, மீதியை வரைந்தது யார்? இது படம் எடுத்த நகலா, மறுபடி வரைந்ததா? அளவு மூலத்தின் அளவுதானா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தோன்றும். ஆனால் விஸ்கோன்டி சீட்டுகள் 17 சென்டிமீட்டருக்கு மேல் உயரம், நோப்லே சுமார் 9 சென்டிமீட்டர்தான். ஒன்று அரண்மனைக் காட்சிப் பொருள், மற்றது சத்திரத்தில் உள்ளங்கையில் பிடித்து ஆடியது. ரெண்டையும் ஒரே அளவில் அச்சிட்டால் அந்த வித்தியாசம் காணாமல் போகும்.

பமீலா 1951-இல் இறந்தார். ஐரோப்பாவில் அவருடைய படங்களின் காப்புரிமை 2021-ஓடு முடிந்தது. அதனால் இப்போது அந்தக் கட்டை யார் யாரோ அச்சிடுகிறார்கள். சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் வருவதில் பல, ஏற்கனவே அச்சானதை ஸ்கேன் செய்து திரும்ப அடித்தவை. கோடு தடித்து, முகம் கலங்கி, சில நேரம் ஓரத்துக் கையெழுத்தே வெட்டுப்பட்டிருக்கும். கையில் வைத்துப் பழக அது போதும். ஒப்பிட அது உதவாது.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பழக்கம் சொல்றேன். புதுக் கட்டு வந்ததும் சீட்டைக் கலைக்காதீங்க. முதலில் விளக்கத் தாளைக் கடைசிப் பொடி எழுத்து வரைக்கும் படிங்க. பிற்காலத்தில் சேர்த்த சீட்டுகளைத் தனியாக எடுத்து, ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்க. என் விஸ்கோன்டி பெட்டியில் இப்போது ரெண்டு கட்டு இருக்கு. ஒன்றில் 74, இன்னொன்றில் நாலு. அந்த நாலில் மேலே இருப்பது சாத்தான். அழகான படம்தான், எனக்கு இன்னும் பிடிக்கும். ஆனால் மிலானைப் பற்றி இனி அதனிடம் கேட்க மாட்டேன்.

பழைய எபிசோடில் அந்தப் பத்து நிமிஷத்தையும் வெட்டிவிட்டேன், திருத்தக் குறிப்பும் போட்டாச்சு. நீங்க ஏதாவது ஒரு சீட்டை வரிசையாக வைத்துப் பார்த்து, வித்தியாசம் கண்டுபிடிச்சா எழுதுங்க. நான் சொன்னதில் தப்பு இருந்தாலும் எழுதுங்க. போன தடவை அப்படித்தான் கத்துக்கிட்டேன். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.